எழுதாமல் விட்ட ஒரு சொல்

என்னுடைய படப்புத்தகம் ஒன்றில் மொத்தமே 118 சொற்கள்தாம் இருக்கின்றன. கண்ணாமூச்சி ஆடும்போதெல்லாம் தன் நிழலாலேயே காட்டிக்கொடுக்கப்படும் கயல் என்ற சிறுமியின் கதை அது. ஆனால் நிழல் என்னும் சொல் அந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் வராது. தலைப்பில் இல்லை, உள்ளே இல்லை; பின்னட்டைக் குறிப்பில் அது எட்டிப் பார்த்தபோது பதிப்பாசிரியரிடம் மன்றாடி எடுத்துவிடச் செய்தேன். அந்த ஒற்றைச் சொல்லை எழுதாமல் இருப்பதற்கு எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

புத்தகம் வந்த வாரத்தில் உறவினர் ஒருவர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதை ஒரே மாலையில் எழுதிவிடலாமே" என்றார். அவர் புரட்டி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. 118 சொற்களை எழுத ஒரு மாலை தாராளம். நான் முதலில் எழுதியது 1,140 சொற்கள். எஞ்சிய 1,022 சொற்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பியதுதான் நான் செய்த வேலை. அதை அவரிடம் விளக்கப் போனால் செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதுபோல இருக்கும் என்பதால் சிரித்துவைத்தேன்.

முதல் படியில் ஓரிடம் இப்படி இருந்தது: "காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கயல் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவளுடைய நீண்ட நிழல் தூணைத் தாண்டித் தரையில் கிடந்து, அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது." சிறுகதையாக எண்ணினால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, படப்புத்தகத்தின் பக்கமாக எண்ணினால் இதில் இருப்பது அத்தனையும் குறைதான். காலை, வெயில், தூண், சிறுமி, நிழல் என்று ஓவியர் வரையவேண்டிய எல்லாவற்றையும் நானே சொல்லித் தீர்த்துவிட்டேன். இதைக் கேட்கும் குழந்தைக்குக் கண்ணால் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காதால் கேட்டதைப் படத்தில் சரிபார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதற்கு விடப்பட்ட வேலை. அச்சான புத்தகத்தில் அந்த மூன்று வாக்கியங்களுக்குப் பதிலாக இருப்பது ஒரே வாக்கியம்: "இங்கே யாரும் வரவே மாட்டார்கள்." அது கயலின் நினைப்பு. அவளுடைய காலடியிலிருந்து பக்கத்தின் வலது விளிம்புவரை நிழல் நீண்டு கிடக்கிறது. படித்துக்காட்டுபவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் குழந்தைகள் கூச்சலிடத் தொடங்கிவிடுகிறார்கள். கயலுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருப்பதை அவர்களால் அடக்கிவைக்க முடிவதில்லை.

குழந்தைகளுக்கான படநூல்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செக் கல்வியாளர் கொமேனியஸிடமிருந்து தொடங்குவார்கள். 1658இல் நூரம்பர்க் நகரில் அவர் வெளியிட்ட நூலில் 150 பாடங்கள் இருந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டு, அதே எண்கள் கீழேயுள்ள லத்தீன், ஜெர்மன் வாக்கியங்களிலும் தரப்பட்டிருந்தன. சொல் சுட்டுவதும் படம் காட்டுவதும் ஒன்றே என்று எண் போட்டு உறுதிசெய்த நூல் அது. மொழி கற்பிக்க அதைவிட நல்ல வழி இல்லை. கதை சொல்லப் புகுந்தால் அந்த எண்கள்தாம் முதல் இடையூறு. என்னுடைய முதல் படியில் எண்கள் வெளியே தெரியவில்லை, அவ்வளவே. மற்றபடி அது கொமேனியஸின் வகுப்பறைதான்.

அந்த எண்களை அறுத்துவிட்டவர் என்று நான் கருதுவது ஆங்கில ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட்டை. 1878 முதல் அச்சாளர் எட்மண்ட் எவன்ஸுடன் சேர்ந்து படப்புத்தகங்களை வெளியிட்டவர். 1886இல், நாற்பது வயதை எட்டும் முன்பே இறந்துபோனார். ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் தட்டு கரண்டியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடும். பாட்டு அத்துடன் முடிந்துவிடும். 1882இல் அந்தப் பாட்டுக்குப் படம் வரைந்த கால்டிகாட், பாட்டு முடிந்த பிறகும் ஒரு படம் வரைந்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கிறது. கத்தியும் முள்கரண்டியும், பெண்ணைப் பெற்றவர்களைப்போல, கரண்டியை இருபுறமும் பிடித்து அழைத்துச் செல்கின்றன. அதைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஓடிப்போனதன் விளைவை எழுத்து சொல்லாது, படம்தான் சொல்லும் என்ற துணிவு அந்தச் சிறு படத்தில் இருக்கிறது.

ஆங்கிலப் படப்புத்தக எழுத்தாளரும் ஓவியருமான பேட் ஹச்சின்ஸ் 1968இல் வெளியிட்ட தம் முதல் புத்தகத்தில் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு கோழி உலாவப் போய்விட்டு வீடு திரும்புகிறது. ஆங்கில மூலத்தில் மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ஒவ்வொரு பக்கத்திலும் அதன் பின்னால் ஒரு நரி பாய்கிறது, விழுகிறது, அடிபடுகிறது. அந்த 32 சொற்களில் நரி இல்லை. கயலின் கதையை மூன்றாம் முறை திருத்திக்கொண்டிருந்தபோது, அந்தக் கோழியைப் போலவே கயலுக்கும் தன்னைப் பின்தொடர்வது எது என்று கடைசிவரை தெரியக்கூடாது என்பது எனக்கு உறைத்தது. அந்தக் கடனை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. நரி வெளியே இருக்கும் ஆபத்து. நிழல் அவளுடனேயே பிறந்தது என்ற வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு மேலே எழுதினேன்.

இந்த இடத்தில் தாளைப் பற்றிப் பேசவேண்டும். படப்புத்தகம் எழுத விரும்பும் நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை கணினித் திரையில் ஒரே ஓட்டமாகத் தட்டப்பட்டவையாக இருக்கும். நான் முதலில் கேட்பது, இதை மடித்துப் பார்த்தீர்களா என்பதுதான். எட்டு வெள்ளைத் தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கங்கள் கிடைக்கும். உலகெங்கும் படப்புத்தகங்களில் மிகப் பல 32 பக்கங்களில் நிற்பதற்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை. பெரிய தாளின் இருபுறமும் அச்சடித்து மடிக்கும்போது பக்கங்கள் எட்டின் மடங்குகளாகவும் பதினாறின் மடங்குகளாகவும் விழுகின்றன. அச்சகத்தார் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். ஆகவே என் கதைக்கு இரண்டு ஃபாரம். முதல் பக்கத்தில் தலைப்பு. இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் பதிப்பு விவரமும் காணிக்கையும் போனால், நான்கு-ஐந்தில் தொடங்கி முப்பது-முப்பத்தொன்று வரை பதினான்கு இரட்டைப் பக்கங்களும், கடைசியில் தனித்து நிற்கும் முப்பத்திரண்டாம் பக்கமும் எஞ்சும். எழுத்தாளருக்குக் கிடைக்கும் நிலம் அவ்வளவுதான். ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும் என்று கேட்க முடியாது. கேட்டால் எட்டுப் பக்கங்கள் கூடும். புத்தகத்தின் விலை கூடும். பதிப்பாசிரியரின் முகம் மாறும்.

கயல் முதலில் ஆறு இடங்களில் ஒளிந்தாள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒளிவதற்கு ஓர் இரட்டைப் பக்கம், பிடிபடுவதற்கு ஓர் இரட்டைப் பக்கம் என்றால் பன்னிரண்டு போய்விடும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று வைத்தால் மூச்சுவிட இடமில்லை. மடித்த தாள்களில் பென்சிலால் கிறுக்கிப் பார்த்த அன்றே பீப்பாயும் படிக்கட்டும் நீங்கின. தூண், திரைச்சீலை, பெரிய பெட்டி, மரம் என்ற நான்கு மட்டும் நின்றன. அப்படிக் கிடைத்த இடத்தில்தான், மூன்று முறை பிடிபட்ட பிறகு கயல் நடு உச்சி வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும், சொல்லே இல்லாத இரட்டைப் பக்கம் வந்தது. அந்த நேரத்தில் அவளுடைய நிழல் அவளுக்கு அடியிலேயே ஒடுங்கி ஒளிந்திருக்கிறது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். அதில் என் கையெழுத்து ஒன்றும் இல்லை.

படப்புத்தகத்தில் எழுத்தாளருக்கென்று இருக்கும் ஒரே கருவி, பக்கம் திருப்பப்படும் நொடி. நாவலில் பக்கம் எங்கே முடியும் என்பது எழுத்தாளருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. இங்கே வலப்பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்த இடப்பக்கத்தின் முதல் சொல்லுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. குழந்தைதான் அதைத் திறக்கும். திறக்கவேண்டும் என்ற ஆசையை மூட்டுவது எழுத்தாளரின் பொறுப்பு. ஆங்கிலத்தில் இதற்கு வழக்கமான உத்தி, செயப்படுபொருளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது. அவன் பார்த்தான் என்று சொல்லி நிறுத்தினால், எதைப் பார்த்தான் என்பது அந்தப் பக்கத்தில் காத்திருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் அந்த உத்தி அப்படியே செல்லாது. "அவன் அங்கே ஒரு கரடியைப்" என்று நிறுத்தினால் கரடி முன்னதாகவே வெளியே வந்துவிடும். அடுத்த பக்கத்தில் "பார்த்தான்" என்ற சொல் தனியாக அசட்டுத்தனமாக நிற்கும். இதற்காக "அவன் அங்கே பார்த்தது" என்று வினையைப் பெயராக்கி முன்னே நிறுத்திவிட்டு, "ஒரு கரடி!" என்று திருப்புகிறோம். மொழிபெயர்ப்புப் படப்புத்தகங்களில் இந்த வடிவத்தை அடிக்கடி பார்க்கலாம். பிழையில்லைதான், ஆனால் பத்துப் பக்கங்களுக்கு ஒரே தாளத்தில் வந்தால் செக்கு சுற்றுவதுபோல ஆகிவிடும்.

தமிழ் வினைமுற்று கடைசியில் வருவது தடையென்று நீண்ட நாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் இரவு, தாள்களை மடித்துச் செய்த மாதிரி நூலை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. நம் மொழியில் ஒரு காரியம் நடந்ததா நடக்கவில்லையா என்பதே வாக்கியத்தின் கடைசி அசை வரும்வரை உறுதியாகாது. உடன்பாடும் எதிர்மறையும் வினையின் வாலில்தான் இருக்கின்றன. எனவே தூண் பக்கத்தின் அடியில் "பத்து எண்ணி முடித்தார்கள். தேடினார்கள். கயலைக் கண்டு…" என்று நிறுத்தினேன். திருப்பினால், "பிடித்துவிட்டார்கள்!" திரைச்சீலையிலும் அப்படியே. பெட்டியிலும் அப்படியே. மூன்றாம் முறை குழந்தைகள் பக்கத்தைத் திருப்பும் முன்பே, படிப்பவரை முந்திக்கொண்டு, "பிடித்துவிட்டார்கள்!" என்று ஒருமித்துக் கத்துவார்கள் என்று கணக்குப் போட்டேன். நான்காவதாக, மரத்தின் பெரிய நிழலுக்குள் கயலின் சின்ன நிழல் கரைந்துபோன பக்கத்தில் அதே தேடல், அதே "கண்டு…" வருகிறது. அவர்களும் அதையே கத்துவார்கள். திருப்பினால், "பிடிக்கவே இல்லை."

இந்த நான்கு திருப்பங்களைக் கண்டுபிடித்த பிறகு மற்றச் சொற்களை நீக்குவது எளிதாகிவிட்டது. அதுவரை ஒரு வாக்கியத்தை எடுக்கும்போதெல்லாம் கதைக்குள் ஏதோ ஒரு கால் முறிவதுபோல இருந்தது. இப்போது கதை எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துவிட்டதால், மற்றவை எல்லாம் கட்டடம் எழும்பக் கட்டிய சாரம் மட்டுமே என்று கழற்றிவிட முடிந்தது.

இதில் ஒரு விபத்தும் நேர்ந்தது. மெய்ப்புத் திருத்தியவர், பெயர் வேண்டாம், சொற்பிரிப்பில் கண்டிப்பானவர். கண்டுபிடி என்பது ஒரே சொல், அதை இரண்டு பக்கங்களில் பிளப்பது பிழை என்று கருதி, நான்கு இடங்களிலும் "கண்டுபிடித்துவிட்டார்கள்", "கண்டுபிடிக்கவே இல்லை" என்று சேர்த்து, முந்தின பக்கத்தின் அடியில் வைத்துவிட்டார். அவருடைய இலக்கணம் முற்றிலும் சரி. என் புத்தகம் முற்றிலும் செத்துவிட்டது. கடைசிப் புரூஃபில், அதுவும் வேறு ஏதோ எழுத்துப்பிழையைத் தேடும்போது, தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். அன்று முதல், கைப்பிரதியோடு பக்கம் பிரித்து ஒட்டிய மாதிரி நூலையும் சேர்த்தே அனுப்புகிறேன். எங்கே பிளவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதைச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன்.

வாய்விட்டுப் படிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் எழுதுவது ஒரு தமிழ், குழந்தையின் காதில் விழுவது வேறொரு தமிழ். "ஒளிந்துகொண்டாள்" என்று அச்சில் இருப்பதை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கும் பெரியவர் யோசிக்காமலேயே "ஒளிஞ்சுக்கிட்டா" என்று மாற்றிவிடுகிறார். அவரவர் பழக்கப்படி அது இன்னும் பலவிதமாக மாறும். அச்சுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இரவும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடறாத வாக்கியத்தை எழுதித்தரவேண்டும். "அவளால் கண்டுபிடிக்கப்படாத இடமொன்று" என்பதைப் போன்ற தொடரைப் பேச்சுத் தமிழுக்கு மாற்ற முயல்கிறவர் பாதியில் நின்று, தொண்டையைச் செருமி, தொடக்கத்திலிருந்து மறுபடி படிப்பார். அதற்குள் குழந்தை பக்கத்தைத் திருப்பிவிடும். எனவே நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுத்து வழக்கில் எழுதிப் பேச்சு வழக்கில் சொல்லிப் பார்ப்பேன். இரண்டிலும் அதே இடத்தில் மூச்சு நின்றால் அந்த வாக்கியம் தேறிவிட்டது. "கண்டு… பிடிச்சிட்டாங்க!" என்பதும் "கண்டு… பிடிக்கவே இல்ல!" என்பதும் அந்தச் சோதனையில் முதல் முறையே தேறின. சொல் எளிதாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகம் வேறு, பெரியவர் படித்துக்காட்டும் படப்புத்தகம் வேறு. இதில் "ஒய்யாரமாக" என்று எழுதினால், பொருள் தெரியாத குழந்தை படத்தில் கயல் நிற்கும் விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். சொல்லும் நாவுக்கு இனிக்கும்.

இனி ஓவியர். கைப்பிரதி எழுதியவரே ஓவியரைத் தேர்ந்தெடுப்பார், இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஓவியரைத் தேர்வது பதிப்பகம். இருவருக்கும் இடையில் பதிப்பாசிரியர் நிற்பார். எழுத்தாளர் கழுத்தருகே நின்று மூச்சுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது என்று பின்னால் புரிந்துகொண்டேன். என் முதல் படியில் ஓவியருக்கு நான் எழுதிய குறிப்புகள் மொத்தம் 41. கயலின் சடை எப்படி இருக்கவேண்டும், சட்டை எந்த நிறம், எந்தக் கால் முன்னே இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அது கூடாது என்று கேள்விப்பட்டு, அடுத்த படியில் ஒரு குறிப்புகூட இல்லாமல் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். "இவளை எப்படி ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்கிறார்கள் என்று கதையில் இல்லையே" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் கோபப்பட வழியில்லை. நிழல் என்ற சொல்லே இல்லாத கைப்பிரதியில் அவர்கள் நிழலை எங்கே தேடுவார்கள்? மூன்றாம் படியில் தொடக்கத்தில் ஒரே வரி எழுதினேன்: கயலின் நிழல் எப்போதும் வெளியே தெரிகிறது, அது அவளுக்கு மட்டும் தெரியாது. அந்த வரி இல்லாமல் கதை இல்லை. மற்ற 41 வரிகளில் எது இல்லாமலும் கதை இருக்கும்.

படங்கள் வந்தபோது நான் எழுதாத ஒரு பூனை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இருந்தது. அது எல்லாப் பக்கங்களிலும் நிழலில்தான் படுத்திருந்தது. வெயிலுக்கு எங்கே ஒதுங்கவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கயல் அதைப் பார்த்துக் கற்றிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும். நான் ஒன்றரை ஆண்டு உழைத்துக் கட்டிய முடிச்சை ஓவியர் தம் பங்குக்கு ஒரு பூனையாகச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார். எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. கடிதம் ஒன்றில் "கறுத்த நிழல்" என்று நான் எழுதியிருந்ததற்கு அவர் பதிப்பாசிரியர் வழியாக அனுப்பிய பதில், காலை நிழல் கறுப்பு இல்லை, நீலம் என்பதுதான். மறுநாள் காலை வெளியே போய்ப் பார்த்தேன். நீலம்தான்.

அச்சு வேலையில் எழுத்தாளருக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், இதற்கு முந்தைய புத்தகம் ஒன்றில், ஓர் இரட்டைப் பக்கத்தின் சரியான நடுவில் ஒரு கிழவரின் முகம் வரும்படி ஆகிவிட்டது. திரையில் தட்டையாகப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. தைத்து வந்த புத்தகத்தில் நடுமடிப்பு அவருடைய மூக்கை விழுங்கிவிட்டது. இரண்டு கண்களும் நெருங்கிவந்து அவர் மாறுகண்ணர் ஆகிவிட்டார். அவர் தனியாக நடுவில் நிற்கிறார் என்று எழுதியது நான். ஓவியரும் வடிவமைப்பாளரும் கவனித்திருக்கலாம்தான். ஆனால் நடு என்ற சொல் என்னுடையது. இப்போது அந்தச் சொல்லைக் கண்டாலே எச்சரிக்கையாகிவிடுகிறேன்.

எழுத்து ஏன் எப்போதும் கறுப்பில் இருக்கிறது என்று ஓர் ஆசிரியை கேட்டார். மரத்தடிப் பக்கத்தில் வாக்கியத்தை வெள்ளை எழுத்தில் வைக்கவேண்டும் என்று ஓவியருக்கும் ஆசைதான். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகள், அதாவது அச்சுத் தகடுகள், உண்டு. எழுத்து கறுப்பில் மட்டும் இருந்தால், வேறு மொழிப் பதிப்புக்கு அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். நிறத்தின் மீது வெள்ளை எழுத்து வைத்தால், அந்த எழுத்தின் வடிவம் நான்கு பிளேட்டுகளிலும் வெட்டப்பட்டிருக்கும், நான்கையும் மாற்றவேண்டும். பல மொழிகளுக்குப் போகக்கூடிய புத்தகத்தில் இது பெரிய செலவு. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழிகளுக்குப் போனால் பக்க வரிசையே திரும்பும். கதை ஓடும் திசை மாறாமலிருக்க, படங்களையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்புவது உண்டு. கயல் அப்போது இடக்கைக்காரி ஆகிவிடுவாள்.

விருதுகளைப் பற்றி ஒரு வரி போதும். கால்டிகாட்டின் பெயரால் அமெரிக்காவில் 1938 முதல் வழங்கப்படும் பதக்கம் ஓவியருக்கானது, எழுத்தாளர் கைதட்டலாம். உலக அளவிலான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதில் நிலை தலைகீழாக இருந்தது. 1956இல் எழுத்தாளர்களுக்குத் தொடங்கப்பட்டு, பத்து ஆண்டுகள் கழித்து 1966இல்தான் ஓவியர்களுக்கும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று நானே தேற்றிக்கொள்வேன்.

பெரியவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, இந்தக் கதை சொல்லும் நீதி என்ன என்பது. தொடக்கத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். தன்னைத் தானே அறிந்துகொள்ளவேண்டும் என்பதுதான் கதையின் உட்பொருள் என்று ஒரு கூட்டத்தில் நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கண்ணாமூச்சியில் ஒருத்தி மூன்று முறை தோற்று நான்காம் முறை ஜெயிக்கிறாள். அது போதாது என்று கருதும் பெரியவரிடம் பேச எனக்கு வேறொன்றும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைகள் யாரும் இதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் உண்மைத் தகவல்கள்: பூனைக்குப் பெயர் என்ன, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, ஏன் அவர்கள் பத்துவரை மட்டும் எண்ணுகிறார்கள்.

ஒரு நூலகத்தில் இருபது குழந்தைகளுக்குப் படித்துக்காட்டியபோது மூன்று "பிடித்துவிட்டார்கள்!" என் கணக்குப்படி வந்தன, நான்காவதிலும் கத்தினார்கள், திருப்பியதும் அடங்கினார்கள், பிறகு சிரித்தார்கள். நான் மனத்துக்குள் பெருமிதத்தில் மிதந்துகொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்துவந்து, கடைசிப் படத்தில் மரத்தின் நிழல்மேல் விரலை வைத்து, "சாயங்காலம் ஆனா இது நகருமே, அப்ப என்ன பண்ணுவா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஒன்றரை ஆண்டில் நானோ பதிப்பாசிரியரோ ஓவியரோ யோசிக்காத கேள்வி.

அன்று மாலையே ஓவியருக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. மறு அச்சில் பின்னட்டையின் உட்புறம் ஒட்டும் வெற்றுத்தாளில் அதே மரத்தை வரைந்துவிடுவதாகவும், நிழலை நான்கு விரற்கடை நகர்த்தி, கயலின் ஒரு செருப்பின் நிழல் மட்டும் வெளியே தெரியும்படி வைப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக்கு ஏதாவது சொல் வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று எழுதினேன். பூனையை அங்கிருந்து எழுப்பிவிடவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.